நிக்கிறது எவ்வளவு?

அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வார் என்றில்லை. "பேரு எதுக்கு சார்? சம்பளத்தைப் போடுங்க" என்றுதான் சொல்வார். ஆகவே போடுகிறேன். நான் அவரை முதலில் பார்த்தபோது கைக்கு வந்தது மாதம் பதினாறாயிரத்து ஐநூறு. வேலை ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது. மரக்காணத்துக்கு வெளியே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, அளத்து உப்பை அரைத்து அயோடின் கலந்து பாக்கெட் போட்டு அனுப்புகிற கம்பெனி ஒன்றின் கிடங்கில். இவ்வளவையும் அவரே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லி வைத்திருப்பதால் நான் எந்த ரகசியத்தையும் உடைத்துவிடவில்லை.

அக்காவுக்கு யாரைப் பார்த்தாலும் கேட்க ஒரே கேள்விதான். "சம்பளம் எவ்ளோ?" பதில் வந்துவிட்டால் அடுத்தது: "வர்றது சரி. நிக்கிறது எவ்ளோ?" வாடகை, கேஸ், பஸ், படிப்பு, மீன், மருந்து எல்லாம் போக மாதக் கடைசியில் கையில் நிற்பது எவ்வளவு என்று அர்த்தம். பேங்கில் வேலை பார்க்கும் பெண்ணைக் கேட்பார். கோயில் குருக்களைக் கேட்பார். கரண்ட் கணக்கெடுக்க வருபவரை, ரேஷன் கடைக்காரரை, கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரைக் கேட்பார். பதில் சொல்லாதவர்கள்மேல் அவருக்குக் கோபமே வராது. பாவம், என்ன கஷ்டமோ என்றுதான் நினைப்பார்.

மகளைப் புதுச்சேரியில் நர்சிங் படிப்பில் சேர்க்கப் போனவர், திரும்பும்போது பெரிய முதலியார்சாவடி நிறுத்தத்தில் பஸ் ஏறிய ஒரு வெள்ளைக்காரரையும் விடவில்லை. ஆரோவில்காரர், நன்றாகத் தமிழ் பேசியிருக்கிறார். "சம்பளமெல்லாம் இல்லைங்க. செலவுக்கு மட்டும் குடுப்பாங்க" என்றாராம். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. மகளுக்கு என்று வாங்கிய முறுக்குப் பொட்டலத்தில் பாதியை அவர் கையில் வைத்துவிட்டு வந்தார். "அவ்ளோ தூரத்துலேந்து வந்து, சம்பளமில்லாம வேல செய்யுது பாருங்க அந்த மனுஷன்" என்று எங்களிடம் அங்கலாய்த்தார்.

என்னிடம் கேட்டது நான் சேர்ந்த முதல் நாளே. திண்டிவனத்தில் டிப்ளமோ முடித்து, சூப்பர்வைசர் என்ற பெயரில், சட்டையை இன் செய்து, கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு கிடங்கு வாசலில் நின்றிருந்தேன். உப்பு மூட்டைகளை ஆள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு மஞ்சள் வண்டி ஒன்று பின்பக்கமாகவே வந்து என் முன்னால் நின்றது. தலையில் துண்டு, துண்டின்மேல் ஹெல்மெட், சேலைமேல் நீலச் சட்டை. எஞ்சினை அணைத்தார்.

"புது சாரா? எந்த ஊரு?"

"பிரம்மதேசங்க."

"பக்கந்தான். சம்பளம் எவ்ளோ சார்?"

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுங்க. கம்பெனி ரூல்."

"அப்போ கம்மிதான்" என்று சொல்லிவிட்டு எஞ்சினைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு முகம் சுருங்கிப்போனது. ஏனென்றால் கம்மிதான். பதினாறாயிரம். என்னைவிட அந்த அம்மாவுக்கு ஐநூறு கூட என்பது பிறகுதான் தெரிந்தது. அவரே சொல்லித்தான் தெரிந்தது, வேறு யார் சொல்வார்கள்?

இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். கிடங்குக்கு வருவதற்கு முன்னால் அவர் பல வருஷம் உப்பளத்தில் கூடை தூக்கியவர். "பாத்தியில இதான் சார் வழக்கம்" என்றார். "மழ வுட்டு மொத நாளு எறங்குறதுக்கு முன்னாடி மேஸ்திரி கரமேல நின்னு சத்தமா சொல்லுவாரு. இந்த வருசம் ஆம்பளைக்கு இவ்ளோ, பொம்பளைக்கு இவ்ளோன்னு. ஒத்துக்கிறவ எறங்குவா. ஒத்துக்காதவ கரையிலயே குந்திக்குவா. நாலு பேரு குந்துனா மேஸ்திரி அஞ்சோ பத்தோ ஏத்துவாரு. கம்மியா குடுத்தாலும் எல்லாருக்கும் தெரிஞ்சி கம்மி. இங்க பாருங்க, போன்ல வருது, அவனவன் செவுத்தப் பாத்து திரும்பி நின்னு பாக்குறான்."

அது உண்மைதான். சம்பளத்தன்று மத்தியானம் எங்கள் கிடங்கைப் பார்க்க வேண்டுமே. டொய்ங் டொய்ங் என்று மெசேஜ் வரும். ஆளுக்கொரு மூலையாகத் திரும்பி நின்று பார்ப்போம். நானும் அப்படித்தான் பார்ப்பேன்.

பேக்கிங் வேலைக்குத்தான் அக்கா அங்கே வந்தார். வந்த வாரமே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஏழுமலை அண்ணனைக் கேட்டிருக்கிறார். ஏழுமலை அண்ணன் கம்பெனி தொடங்கியதிலிருந்து இருப்பவர், வாய் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டார். அவரே அன்று சொல்லிவிட்டார் என்றால் அக்கா கேட்ட விதம் அப்படி; அதற்கப்புறம் அவர் யாரிடமும் சொன்னதில்லை. வண்டி ஓட்டுகிற சம்பளம் பேக்கிங் கூலியைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. "வண்டிதான ஓட்டணும்?" என்றாராம். தம்பியின் லோடு ஆட்டோவை மீன் ஏலத்துக்கு ஓட்டிய பழக்கமும் லைசென்ஸும் ஏற்கெனவே இருந்தன. ஏழுமலை அண்ணனே கற்றுக்கொடுத்தார். ஓட்டுவதைவிடக் கழுவுவதைத்தான் அதிகம் கற்றுக்கொடுத்தாராம். உப்புக் கிடங்கில் ஓடுகிற வண்டியைச் சாயங்காலம் நல்ல தண்ணீரில் அலசி, செயினுக்கு எண்ணெய் போடாவிட்டால் இரும்பு செதில் செதிலாக உரிந்துவிடும்.

அக்கா எல்லாவற்றிலும் சரி என்று நான் சொல்லமாட்டேன். பக்கத்துத் தெருப் பையன் ஒருவனுக்கு ஒரகடத்தில் இருபத்து நாலாயிரத்துக்கு இதே ஃபோர்க்லிஃப்ட் வேலை கிடைத்தபோது, ரூம் வாடகை, மெஸ், தண்ணி கேன், வாரா வாரம் ஊருக்கு வரும் பஸ் என்று வரிசையாகக் கழித்து, "நிக்கிறது இங்கதான்டா கூட" என்று தடுத்துவிட்டார். அந்தக் கம்பெனியில் மூன்று வேளையும் கேன்டீன் சாப்பாடு இலவசம் என்பது பிறகு தெரிந்தது. அவன் அம்மா வாசலில் வந்து நின்று கத்தினார். "கேன்டீன வுட்டுட்டேன், என் தப்புதான்" என்று அக்கா தெருவிலேயே ஒத்துக்கொண்டார். அதற்காகக் கணக்குப் போடுவதை நிறுத்தினாரா? அதுதான் இல்லை. அடுத்த மாதம் மீன்பிடித் தடைக்காலம் வந்து சங்கரா மீன் விலை ஏறியபோது நேராக மேனேஜரிடமே போய், "மீனு ஏறிப்போச்சே, சம்பளம் எப்போ சார் ஏறும்?" என்று கேட்டார். மேனேஜர் சிரித்து மழுப்பினார்.

இன்னொரு வழக்கத்தையும் அவர் உப்பளத்திலிருந்து கொண்டுவந்திருந்தார். கூலி கொடுக்கும் நாளில் கூட்டத்தில் யாருக்கு அதிகக் கூலியோ அவர்தான் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். அங்கே அது மேஸ்திரி. இங்கே, கேட்டுக்கு எதிர்ப்புற டீக்கடையில், அது நான்.

எனக்கு முப்பதாயிரம் சம்பளம் என்று தினேஷ் கிளப்பிவிட்டிருந்தான். தினேஷ் மூன்றாவது ஓட்டுநர், கடைசியாகச் சேர்ந்தவன். எங்கள் அம்மாவும் எனக்குப் பெண் பார்க்கும் வீடுகளில் அதே முப்பதாயிரத்தைத்தான் சொல்லி வைத்திருந்தார். இருவரும் சந்தித்ததே கிடையாது. என் சட்டையைப் பார்த்தால் எல்லோருக்கும் முப்பது என்று தோன்றியதோ என்னவோ. நான் ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்து வைத்தேன். சிரிப்புக்கு மாதா மாதம் டீயும் வடையுமாக அழுதேன். பைக் தவணை, தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடன் தவணை போக என் கையில் நின்றது எனக்குத்தான் தெரியும்.

அந்த நாட்களில் அக்கா மட்டும் வடை எடுக்கமாட்டார். தட்டை நீட்டினால், "எண்ண ஒத்துக்காது சார்" என்று டீயோடு நிறுத்திக்கொள்வார். மற்ற நாட்களில் அதே கடையில் சொந்தக் காசில் சுடச்சுட இரண்டு வடை வாங்கித் தின்பதை நானே பார்த்திருக்கிறேன். அப்போது அதைப் பற்றி நான் பெரிதாக யோசிக்கவில்லை.

இப்படி இருக்கையில்தான் அவருக்கு வீட்டுப் பிரச்சினை வந்தது. மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன போர்ஷனில் வாடகைக்கு இருந்தார்கள். மகள் காலையில் வாசலைத் தாண்டினால் புதுச்சேரி பஸ். அந்த ஒரு காரணத்துக்காகவே அந்த வீட்டைப் பிடித்திருந்தார். கணவர் உப்பளத்தில் இடுப்பைத் தொலைத்தவர், குனிந்து நிமிர முடியாது. வீட்டில் சமையல் அவருடையது, நன்றாகவே சமைப்பார். கடற்கரை ஓரம் ரிசார்ட்டுகள் வந்ததும், அங்கே வேலைக்கு வருகிறவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து எவ்வளவு வாடகை கேட்டாலும் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். வீட்டுக்கார அம்மா இரண்டாயிரத்து ஐநூறு கூட்டிக் கேட்டுவிட்டார். இல்லையென்றால் மாதம் முடிந்ததும் காலி செய்ய வேண்டும்.

"எவ்ளோ முட்டுனாலும் கணக்கு வரல சார்" என்று சொன்னார் அக்கா. எங்களோடு டீ குடிக்கும்போது எல்லோர் முன்னாலும்தான் சொன்னார். "உள்ளாற தள்ளிப் போனா வாடக பாதி. ஆனா பொண்ணு ரெண்டு பஸ் மாறணும். விடியறதுக்குள்ள கெளம்பணும். அதான் யோசன."

அதே சமயம் ஒரகடத்தில் ஒரு கம்பெனி பெண் ஓட்டுநர்களாகத் தேடிக்கொண்டிருந்தது. ஏஜென்ட் ஒருவன் மரக்காணம் வரை வந்து அக்காவைப் பார்த்துவிட்டுப் போனான். அதையும் அவர் மறைக்கவில்லை. சேதி மேனேஜர் காதுக்குப் போனதும் என்னைக் கூப்பிட்டார்.

"அந்தம்மாவை விட்டுடக் கூடாது. அவங்களுக்கு மட்டும் மூவாயிரம் ஏத்தித் தரோம்னு சொல்லு. ஆனா யாருக்கும் மூச்சு விடக் கூடாது. ஏழுமலை காதுல விழுந்தா அவ்ளோதான். உன் சம்பளமும் அப்படித்தான், ஞாபகம் இருக்கட்டும்."

சந்தோஷமாக ஓடினேன். நிஜமாகவே சந்தோஷம். அக்கா வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் ஒரு நொடி மலர்ந்ததை இன்றும் மறக்கமுடியவில்லை. பஸ் ஸ்டாண்டு வீடு, வாசல் பஸ், மகளின் தூக்கம் எல்லாம் அந்த முகத்தில் வந்து போயின. பிறகு ஹோஸ் பைப்பைக் கீழே போட்டார்.

"ஏழுமலை அண்ணனுக்கு எவ்ளோ ஏத்துறாங்க?"

"உங்களுக்கு மட்டுந்தாங்கக்கா. யாருகிட்டயும் சொல்லக் கூடாதாம்."

"சொல்லக் கூடாத காச எப்படி சார் செலவு பண்றது?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே குழம்பித்தான் கேட்டார். "வூட்டுக்காரரு கேப்பாரு. பொண்ணு கேப்பா. வாடக ஏத்திக் குடுத்தா, ஏதுடி காசுன்னு ஓனரம்மா கேக்கும். நாளைக்கு ஏழுமலை அண்ணன் கேட்டா மூஞ்சப் பாத்துப் பொய் சொல்லணுமா?"

"அக்கா, தயவுசெஞ்சி வாங்கிக்கோங்க. வாடகையை நினைச்சிப் பாருங்க. யாரு கேக்கப் போறாங்க?"

"நான் கேப்பனே சார்! ஊரையே கேக்குறவ நானு."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். மறுநாள் டீக்கடையில் ஏழுமலை அண்ணன், தினேஷ், நான் எல்லோரும் இருந்தோம். அக்கா கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டு, பெஞ்சில் உட்காராமல், நின்றபடியே சத்தமாகச் சொன்னார்.

"எனக்கு மட்டும் மூவாயிரம் ஏத்தித் தர்றாங்களாம். யாருகிட்டயும் சொல்லக் கூடாதாம். அதான் உங்ககிட்ட சொல்றேன். இப்போ நான் வாங்குறது பதினாறு ஐநூறு. உங்களுக்கு இப்போ எவ்ளோண்ணே?"

கடையிலிருந்த மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பதினேழு ஐநூறு" என்றான் தினேஷ், தரையைப் பார்த்துக்கொண்டு. கடைசியில் சேர்ந்தவனுக்குத்தான் அதிகம். வெளியே என்ன கொடுக்கிறார்களோ அதைக் கொடுத்தால்தான் புது ஆள் கிடைக்கும் என்று அவனை எடுத்தார்கள்.

ஏழுமலை அண்ணன் தினேஷைத் திரும்பிப் பார்த்தார். "பதினஞ்சி" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "நான் கத்துக் குடுத்த வண்டிம்மா அது" என்று சொல்லிவிட்டு, பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

அக்கா வாயடைத்துப் போய் நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். தெரிந்தால் எல்லோரும் ஒன்றுசேர்வார்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். தெரிவதால் ஒருவருக்கு வலிக்கும் என்று நினைக்கவில்லை. "பாத்தியில யாரும் இப்படி எழுந்து போனதில்ல சார்" என்று மட்டும் என்னிடம் சொன்னார். அவர் குரல் உடைந்திருந்தது.

மேனேஜர் அறையில் அன்று நடந்ததை வெளியே நின்று நானே கேட்டேன். "சொல்லாதேன்னு சொல்லி அனுப்பினேனே, ஏன் சொன்னே?" என்று அவர் கத்தினார். "நீங்க சொல்லாதன்னு சொன்னீங்க. நான் சரின்னு சொல்லவே இல்லியே சார்" என்று இவர் அமைதியாகச் சொன்னார். மூவாயிரம் ரத்து. இன்னொரு முறை வாய் திறந்தால் வேலையும் ரத்து. வெளியே வந்தவர் நேராகப் போய் வண்டியில் ஏறி லோடு எடுக்க ஆரம்பித்தார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது, அக்காமேல்தான். கிடைக்கவிருந்ததையும் கெடுத்துக்கொண்டு, கற்றுக்கொடுத்தவரையும் நோகடித்து, வீட்டையும் இழந்து, எதற்கு இந்த வீம்பு? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் என்ன குறைந்துபோகும்? இதை நினைத்துக்கொண்டே இன்னொரு பக்கம், என் வாழ்க்கையில் இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை என்றும் நினைத்தேன்.

ஏழுமலை அண்ணன் அவரோடு பேசுவதை நிறுத்தினார். எதிரெதிரே வண்டியில் வந்தால் ஹாரன் மட்டும் அடித்துக்கொள்வார்கள். வாடகைக் கெடு நெருங்கியது. மகள் படிப்பு முடியும்வரை ஒரகடம் வேண்டாம் என்று, அக்கா உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் வீடு பார்த்து முன்பணமும் கொடுத்துவிட்டார்.

அந்த வாரக் கடைசியில், ஒரு காலை வேளையில், ஏழுமலை அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு மேனேஜரின் ஏசி அறைக்குப் போனார். இத்தனை வருஷத்தில் அவர் அந்த அறைக்குள் போனதில்லை. வாசலில் ஷூவைக் கழற்றப் பார்த்தார். வேண்டாம் என்று நான்தான் தடுத்து, கதவைத் திறந்துவிட்டு, கூடவே உள்ளே போய் நின்றேன்.

"சார், தினேஷுக்குக் குடுக்கறத எங்க மூணு பேருக்கும் குடுங்க. அந்தம்மா போச்சுன்னா நானும் போறேன்" என்றார். கொஞ்சம் யோசித்து, "நான் போனா வண்டிய யாரு சார் கழுவுறது?" என்றும் கேட்டார்.

பின்னாலேயே தினேஷும் வந்து நின்றான். அவனுக்கு இதில் ஒரு பைசா லாபம் இல்லை. வெளியே மூன்று லாரிகள் லோடுக்காக நின்றுகொண்டிருந்தன. உப்புக் கிடங்கு என்றால் வேறு ஓட்டுநர் கிடைப்பதும் குதிரைக்கொம்பு. மேனேஜர் சென்னைக்குப் போன் போட்டார், ரொம்ப நேரம் பேசினார், கடைசியில் சரி என்றார். மூன்று பேருக்கும் பதினேழாயிரத்து ஐநூறு. ஏழுமலை அண்ணனுக்கு இரண்டாயிரத்து ஐநூறு கூடியது. அக்காவுக்கு ஆயிரம்தான்.

வெளியே வந்த ஏழுமலை அண்ணன் அக்காவின் வண்டி அருகே போய் நின்றார். "செயினுக்கு எண்ண போட்டியாம்மா?" என்று கேட்டார்.

"போட்டேண்ணே."

அவ்வளவுதான், சமாதானம் ஆகிவிட்டது. அக்கா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஆயிரத்தை வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வீட்டைக் காப்பாற்ற முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்காவின் தம்பியுடைய லோடு ஆட்டோவில் சாமான் ஏற்றினோம். ஏழுமலை அண்ணன், தினேஷ், நான் மூவரும் போயிருந்தோம். அக்கா வண்டிமேல் ஏறி நின்று, பீரோவை இப்படிச் சாய், அடுப்பை வூட்டுக்காரருகிட்ட குடு, அவரு வேற யாரையும் தொடவிடமாட்டாரு என்று எங்களை ஏவிக்கொண்டிருந்தார். பிறகு இறங்கி வந்து காலி வீட்டை அவரே பூட்டினார். வாசலில் புதுச்சேரி பஸ் ஒன்று நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போனது.

"எங்கம்மா வாய்க்கு நாங்க வாடக கட்டுறோம் சார்" என்றாள் மகள், பாத்திரப் பையைத் தூக்கியபடி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கொஞ்சம் கழித்து அவளே, "ஏழுமலை மாமா வூட்டுல இனிமே கறி எடுப்பாங்களாம், நல்லதுதான்" என்றாள். அக்கா அதைக் கேட்டும் கேட்காததுபோலக் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

புதுச் சம்பளம் வந்த நாள். கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். டொய்ங் என்றது. யாரும் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. ஏழுமலை அண்ணன் போனைக் கை எட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படித்து, "பதினேழு ஐநூறு" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அவருக்கு அவ்வளவு சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது.

"அதே" என்றான் தினேஷ்.

"எனக்கும் அதே" என்றார் அக்கா.

அப்புறம் மூவரும் என்னைப் பார்த்தார்கள். என் சம்பளத்தைக் கேட்டு அல்ல. டீக்காக. டீ மாஸ்டர் ஏற்கெனவே நாலு கிளாஸ் வைத்து ஆற்ற ஆரம்பித்திருந்தார், காசு யாருடையது என்று அவருக்குத் தெரியும். வடைத் தட்டும் வந்துவிட்டது. என் போனும் சட்டைப்பையில் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. மறுநாள் காலையில் பைக் தவணையைப் பிடித்துவிடுவார்கள். மேனேஜர் சொன்னது ஞாபகம் வந்தது. அடுத்த வாரம் வரவிருந்த பெண் வீட்டாரிடம் அம்மா சொல்லியிருந்த முப்பதாயிரமும் ஞாபகம் வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மனுஷி மகளை இருட்டோடு எழுப்பி அனுப்பிவிட்டு வந்திருந்தார், கண்ணில் தூக்கம் தெரிந்தது.

எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை.

"எனக்குப் பதினாறு" என்றேன்.

தினேஷ் சிரித்தான். "சும்மா சொல்லாதீங்க சார்."

போனை எடுத்து மெசேஜைக் காட்டினேன். ஏழுமலை அண்ணன் அதையும் கை நீட்டிப் பிடித்துப் படித்தார். பிறகு தன் கையிலிருந்த வடையைப் பார்த்தார். "அப்போ இத்தினி மாசமா நீங்களா சார்…" என்றவர் வடையைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

அக்கா மட்டும் ஆச்சரியப்படவில்லை. முதல் நாள் சொன்னதைச் சொல்லிக் காட்டவும் இல்லை. பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

"வர்றது சரி. நிக்கிறது எவ்ளோ சார்?"

"ஒண்ணும் நிக்கலக்கா" என்றேன். சொன்னதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமாகவும் இருந்தது. நெஞ்சு மட்டும் லேசாகிவிட்டது.

"அண்ணே" என்று மாஸ்டரைக் கூப்பிட்டார் அக்கா. "இன்னைக்கு டீ, வட எல்லாம் நாந்தான். சாருகிட்ட வாங்காதீங்க."

"ஏம்மா, எனக்கும் உனக்கும் ஒரே சம்பளந்தான?" என்றார் ஏழுமலை அண்ணன், பையில் கை விட்டபடி.

"அடுத்த மாசம் நீங்க. அதுக்கடுத்த மாசம் தினேஷு. சாருக்கு எப்போ நம்மளவிட ஏறுதோ அப்போ பாத்துக்கலாம்" என்றார். என்னிடம் திரும்பி, "நீங்களும் போய்க் கேளுங்க சார். நாங்க கதவாண்ட நிக்கிறோம்" என்றார்.

அப்புறம் வடைத் தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஏழுமலை அண்ணன் திரும்ப வைத்ததை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, எண்ணெய் ஒத்துக்காத அந்த மனுஷி தனக்கு இரண்டு எடுத்துக்கொண்டார்.